தாழிமேட்டுக் காவற்காரர் சொரிமுத்து

1.7.1929 — மாதச் சம்பளம் ரூ. 6
1.4.1935 — சம்பள உயர்வு, ரூ. 7
9.5.1938 — அபராதம் ரூ. 2
31.5.1938 — வேலைநீக்கம். கடைசிச் சம்பளம் ரூ. 5

குத்துக்கல்வலசைக்கு மேற்கே தாழிமேட்டைக் காத்ததற்காகச் சொரிமுத்துவுக்கு அரசு கொடுத்ததும் பிடித்ததும் இவ்வளவே. அவருடைய காகிதங்களை எழுதிய குமாஸ்தா நான்.

மேட்டின் சரளைக்குள் இடுப்பளவுத் தாழிகள் புதைந்திருந்தன. அவற்றுள் எந்தக் காலத்திலோ வாழ்ந்தவர்களின் எலும்புகள். 1929இல் அதைப் பாதுகாக்கப்பட்ட இடமென அறிவித்துப் பலகை நட்டார்கள். நட்டது வேறு நிலத்தில். மறு அளவையில் சர்வே நம்பர்கள் மாறியிருக்க, உத்தரவில் பழைய நம்பரையே எழுதிவிட்டார்கள். புதுப் படத்தில் அந்த நம்பர் கிழக்கே நானூறு கஜம் தள்ளி ஒரு பொட்டலுக்கு உரியது.

சொரிமுத்து முதல் மாதமே வந்து சொன்னார்: "பலகை நிக்க இடத்துல எலி வளைகூட இல்ல, ஐயா. தாழியெல்லாம் மேக்க கெடக்கு."

மேலிடத்துக்கு எழுதி அனுப்பினேன். ஒன்பது ஆண்டுகளில் பதினோரு முறை எழுதினேன். பதில் இல்லை. அவர் பலகையை விட்டுவிட்டு மேட்டையே காத்தார்.

1938 சித்திரையில், சாரல் காலத்துக்கு முன் குற்றாலம் சாலையைப் போட்டுவிட வேண்டுமென்று, சரளை வெட்ட வண்டிகளோடு வந்தார் கண்டிராக்டர் வல்லிநாயகம். சொரிமுத்து முதல் வண்டியின் முன்னால் படுத்துக்கொண்டார்.

"ஏலே, ஒன் பலகை அங்கனல்லா நிக்கு? இங்கன ஒனக்கென்ன சோலி?"

"பலகை அங்கன நிக்கு, அண்ணாச்சி. செத்தவங்க இங்கனல்லா கெடக்காவ."

"செத்தவனுக்குக் காவலாக்கும்! எந்திரிச்சு ஓடிருவானோ?"

"அவன் ஓடமாட்டான். ஒங்கள மாதிரி ஆளுதான் அள்ளிட்டு ஓடுதாவ."

வண்டிக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். அன்று வண்டிகள் வெறுமையாகத் திரும்பின.

காவற்காரர் பலகையருகே இருப்பதில்லை என்று கண்டிராக்டர் புகார் எழுதினார். அபராதம் விழுந்தது. மறுநாளும் சொரிமுத்து மேட்டுக்கே போனார், வேலை போயிற்று. அந்த உத்தரவுக்கு நகல் எடுத்தவன் நான். எழுத்து ஒன்றும் பிசகவில்லை.

ஜூன் முதல் வாரத்தில் நூற்று நாற்பத்து மூன்று வண்டிச் சரளை போயிற்று. தாழி ஓடும் மனிதப் பல்லும் நொறுங்கிய சாலையில் அருவிக்குக் கார்கள் ஓடின. உடையாத ஒரு தாழியிலிருந்து எலும்பைக் கொட்டிவிட்டு, வல்லிநாயகம் அதைத் தம் தொழுவத்தில் வைத்து மாடுகளுக்குக் கழுநீர் ஊற்றினார். எங்கள் அதிகாரி அதைத் தட்டிப் பார்த்து, "நல்ல கெட்டிப் பானை" என்றார்.

புளியறைப் பக்கம் மரம் சுமக்கப் போன சொரிமுத்து 1940 மாசியில் காய்ச்சலில் இறந்தார். நம்பர் பிழையை ஒப்புக்கொண்டு, காவற்காரர் சொரிமுத்துவை இனி மேட்டிலேயே நிறுத்தும்படி உத்தரவிட்ட மேலிடத்துக் கடிதம் எங்களுக்கு வந்தது 17.9.1941 அன்று.