முதுகில் இதயம் உள்ளவற்றோடு பிழைப்பு

பூச்சி மருந்து அடிப்பவர்களை யாரும் நல்ல மனநிலையில் கூப்பிடுவதில்லை. நாங்கள் வாசலில் வந்து நிற்கும்போது உள்ளே யாரோ ஒருவர் ஏற்கெனவே அலறி முடித்திருப்பார். நீங்களும் ஒரு தடவையாவது துடைப்பமும் கையுமாக அடுப்படியில் ஆடியவராகத்தான் இருப்பீர்கள் என்பதால் கூச்சமில்லாமல் சொல்கிறேன்.

நான் விலங்கியல் படித்தவள். பூச்சியின் உடம்புக்குள் நமக்கு இருப்பது போல ரத்தக் குழாய்கள் கிளை கிளையாக ஓடாது, ரத்தம் சும்மா நிரம்பித் தளும்பிக்கொண்டிருக்கும், முதுகோரமாகப் போகும் ஒரே ஒரு குழாய்தான் அதற்கு இதயம் என்றெல்லாம் படம் வரைந்து, பாகம் குறித்து, பரீட்சை எழுதியவள். வாலாஜாபாத்திலிருந்து பஸ் பிடித்து, ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கும் விடுதிகளுக்கும் பூச்சித் தடுப்பு மேற்பார்வைக்குப் போக ஆரம்பித்த பிறகுதான், பாகம் குறித்தது வேறு, பார்ப்பது வேறு என்று புரிந்தது. என்னோடு மருந்து டேங்கைத் தோளில் மாட்டிக்கொண்டு வருபவர் குன்றத்தூர் தேவராஜ் அண்ணன். நான் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பிருந்தே இந்தத் தொழிலில் இருப்பவர். அவருக்கு எதுவும் அதிர்ச்சி இல்லை. எனக்கு எல்லாமே அதிர்ச்சி.

கழுத்துக்குக் கீழே

வல்லம் வடகாலில் ஒரு பெண்கள் விடுதி. சமையல் செய்பவர் கஸ்தூரி அக்கா. நாங்கள் போனபோது அவர் கையில் கரண்டியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். அடுப்பில் எதுவும் இல்லை. முருங்கைக்காய் நறுக்கும்போது பலகையின் குறுக்கே ஒரு கரப்பான் ஓடியிருக்கிறது. பயத்தில் கத்தியை ஒரே போடாகப் போட்டுவிட்டார். தலை பலகையிலேயே கிடந்தது, உடம்பு ஓடிப்போய் கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் நின்றது. எப்படியோ அதன் மேல் ஒரு டம்ளரைக் கவிழ்த்துவிட்டு வெளியே வந்தவர், மறுபடி உள்ளே போகவில்லை.

நான் டம்ளரைத் தூக்கினேன். தலை இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. ஆறு காலும் சேர்ந்து என் பக்கம் திரும்பின. டம்ளர் என் கையிலிருந்து எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியாது, சத்தம் மட்டும் கேட்டது. தேவராஜ் அண்ணன் குனிந்து அதை ஒரு டப்பாவில் பிடித்து மூடினார். மறுநாள் நாங்கள் திரும்ப வந்தபோதும் டப்பாவுக்குள் கால்கள் அசைந்துகொண்டிருந்தன.

கஸ்தூரி அக்காவுக்கு விளக்கம் தேவைப்பட்டது. நமக்குக் கழுத்து அறுந்தால் ரத்தம் பீய்ச்சியடித்து ஆள் காலி. கரப்பானின் ரத்தத்தில் அந்த அழுத்தம் கிடையாது. கழுத்தில் லேசாகக் கசிந்து, உறைந்து, அடைத்துக்கொள்ளும். மூச்சும் மூக்கு வழியாக இல்லை, விலாப் பக்கத்துச் சின்னச் சின்ன ஓட்டைகள் வழியாக. காலை ஆட்டுவதற்கான நரம்பு முடிச்சுகளும் உடம்பிலேயே இருக்கின்றன. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்போ தலை இன்னாத்துக்கு கீது?” என்றார். சாப்பிட, பார்க்க, மோப்பம் பிடிக்க என்று சொல்ல வந்தேன். “சாப்பிட” என்பதோடு என்னை நிறுத்திவிட்டார்.

“துன்றதுக்குதான் தலையா? அப்போ அதுவும் நம்ம வார்டன் மாதிரிதான்னு சொல்லு!”

சுவரில் இருந்தவர்கள்

ஒரகடத்தில் ஒரு வாடகை அறை. ஸ்ரீவைகுண்டம் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த மூன்று பேர் இருந்தார்கள். மூட்டைப்பூச்சித் தொல்லை. எங்களைக் கூப்பிட்டவர் இசக்கி, கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் லைன் ஆபரேட்டர். கட்டில் ஓரத்துச் சுவர் முழுக்கக் கட்டை விரலால் இழுத்த மாதிரி சிவப்புத் தீற்றல்கள். காய்ந்தவை காப்பிப் பொடி நிறத்தில் இருந்தன. “ஒவ்வொண்ணா நசுக்கிப் பழி வாங்கிட்டோம்க்கா. எவ்வளவு ரத்தம் பாருங்க அதுக்கு!” என்று இசக்கி பெருமையாகக் காட்டினார்.

நான் அதைச் சொல்லாமல் வந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. “மூட்டைப்பூச்சியோட ரத்தம் சிவப்பு இல்லைங்க, தண்ணி மாதிரி இருக்கும்” என்றேன். நம் ரத்தம் உடம்பெங்கும் பிராணவாயுவைச் சுமந்து போகிறது, அதைச் சுமக்கிற பொருள்தான் சிவப்பு. பூச்சிக்குக் காற்று தனிக் குழாய்களில் நேராகப் போய்விடுவதால் ரத்தத்துக்கு அந்தச் சுமையும் இல்லை, நிறமும் இல்லை. “அப்ப இது?” என்றார் இசக்கி. “இது அது குடிச்சது” என்றேன்.

மூன்று பேரும் சுவரைப் பார்த்தார்கள். ஒருவர் மெதுவாகக் கட்டிலிலிருந்து எழுந்து நடு அறையில் போய் நின்றார். பழைய தீற்றல்கள் அவர்கள் குடிவருவதற்கு முன்பே இருந்தவை என்பது அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. நானும் சுவரிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன். இசக்கி தன் கட்டை விரலைப் பனியனில் அழுத்தித் துடைத்தார். பிறகு சொன்னார்:

“காலி பண்ணிட்டுப் போனவன் மூட்டை முடிச்செல்லாம் எடுத்துட்டான், ரத்தத்த மட்டும் விட்டுட்டுப் போயிட்டாம்லா!”

வெள்ளையாக வந்தது

பெயர் சொல்ல முடியாத ஒரு தொழிற்சாலையின் கேன்டீன். கேன்டீன் மேனேஜர் பாஸ்கர் சார் போனில் கத்திய கத்தலில் ஒரு வார்த்தைதான் எனக்குப் புரிந்தது: “வெள்ளை!” அரிசி மூட்டைக்குப் பின்னால் பால் வெள்ளையில் ஒரு கரப்பான் கிடைத்திருக்கிறது. கண் மட்டும் கறுப்பு. நாங்கள் அடித்த மருந்தால் புது இனம் உருவாகிவிட்டது என்று முதல் ஷிப்டில் பேச்சு கிளம்பி, பாதிப் பேர் சோற்றைத் தொடவில்லை. ஒருவருக்கு வாந்தி. மேலிடத்துக்குக் காட்டுவதற்காகப் பாஸ்கர் சார் அதைக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, மூடியில் ஓட்டை போட்டு, செக்யூரிட்டி அறையில் பூட்டி வைத்தார். மதியம் பெரிய மேலதிகாரி வருகிறார், அவர் முன்னால் நான் பதில் சொல்ல வேண்டும், சரியில்லை என்றால் எங்கள் ஒப்பந்தம் அன்றோடு முடிந்தது.

பஸ்ஸில் வரும்போதே எனக்கு விஷயம் தெரியும். கரப்பான் தோல் உரிக்கிறது. காற்றை விழுங்கி, ரத்தத்தை முன்பக்கம் தள்ளி, உடம்பை உப்ப வைத்துப் பழைய சட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். வந்த புதிதில் வெள்ளையாக, மெத்தென்று இருக்கும். தெரிந்த விஷயம் என்பதால் தைரியமாகத்தான் போனேன். தெரிந்த விஷயத்தின் அடுத்த பாதியை அந்த அவசரத்தில் மறந்துவிட்டேன்.

மேலதிகாரி, பாஸ்கர் சார், நான், தேவராஜ் அண்ணன் எல்லோரும் நிற்க, செக்யூரிட்டி அறையைத் திறந்தார்கள். பாட்டிலுக்குள் சாதாரணப் பழுப்புக் கரப்பான் ஒன்று மீசையை ஆட்டிக்கொண்டிருந்தது. காலையில் வெளியே வந்தது மதியத்துக்குள் இறுகி நிறம் ஏறிவிட்டது. பாஸ்கர் சாருக்கு முகம் வெளுத்துவிட்டது. நாங்கள் ஆளை வைத்து மாற்றிவிட்டோம் என்றார். செக்யூரிட்டிக்காரர் சாவி தன் இடுப்பை விட்டு இறங்கவே இல்லை என்று சத்தியம் செய்தார். நான் விளக்கிச் சொல்ல, மேலதிகாரி நம்பாமல் அரிசி மூட்டையை நகர்த்தச் சொன்னார். அங்கே அது உரித்துப்போட்ட சட்டை, முதுகு கிழிந்து, கால்களோடு அப்படியே கிடந்தது. ஒப்பந்தம் தப்பியது. பாஸ்கர் சாருக்கு மட்டும் கடைசி வரை மனசு ஆறவில்லை.

“மேடம், நான் வெள்ளையா ஒப்படைச்சேன். நீங்க என்ன சொன்னாலும் என் சரக்கு இது இல்ல.”

காற்றடிப்பு

இது சின்ன விஷயம். சரக்கு ஏற்றும் இடத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர் வண்டியை நடுவில் நிறுத்திவிட்டு இறங்கி நிற்கிறார், பின்னால் லாரிகள் ஹாரன் அடிக்கின்றன, சூப்பர்வைசர் கத்துகிறார். வண்டியின் முன் கம்பியில் ஒரு பெரிய அந்துப்பூச்சி தொங்கிக்கொண்டிருந்தது. கூட்டிலிருந்து அப்போதுதான் வந்திருக்க வேண்டும். இறக்கை, நனைந்து சுருங்கிய காகிதம் போல இருந்தது. ஊனம் என்று நினைத்து ஓட்டுநர் அதை ஓரமாக எடுத்து விடச் சொன்னார். நான் தொட வேண்டாம் என்றேன். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உடம்பின் ரத்தம் இறக்கை நரம்புகளுக்குள் ஏற ஏற, சுருக்கம் ஒவ்வொன்றாகப் பிரிந்து, உள்ளங்கை அகலத்துக்கு விரிந்தது. ஹாரன் அடித்த லாரிக்காரர்கூட இறங்கி வந்துவிட்டார். சூப்பர்வைசர் மட்டும் விடவில்லை. அவரிடம் ஓட்டுநர் சொன்னார்:

“கொஞ்சம் இரு சார், ரெக்கைக்கு ரத்தம் அடிச்சுக்கினு கீது. பாதியில கெளப்புனா பஞ்சரு!”

முதுகு வலி

ஒரு தொழிற்சாலையின் பின்புறம் கிடந்த பழைய பீப்பாய்களில் மழைத்தண்ணீர். நிறையக் கொசுப்புழு. மருந்து ஊற்றுவதற்கு முன் ஒரு கப்பில் கொஞ்சம் மொண்டு, போன் கேமராவில் மாட்டுகிற சின்ன லென்ஸ் வழியாக நான் எந்த வகைக் கொசு என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தேவராஜ் அண்ணன் டேங்கை இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். வழக்கமாக அவர் உட்கார மாட்டார்.

“இங்க பாருங்கண்ணே, இதயம்” என்று போனைக் காட்டினேன். கொசுப்புழுவின் உடம்பு கண்ணாடி மாதிரி. முதுகில் இரண்டு வெள்ளைக் கோடுகள், அவை மூச்சுக் குழாய்கள். நடுவே ஒரு துடிப்பு, வால் பக்கமிருந்து தலைப் பக்கம் ஓடிக்கொண்டே இருந்தது. அத்தனை வருஷமாக எதற்கும் அசராத மனிதர் போனை என் கையிலிருந்து வாங்கிக் கண்ணருகில் வைத்துக்கொண்டார். “இத்தினி நாளா இத்தயாம்மா கொன்னுக்கினு இருந்தேன்?” என்றார். கொஞ்சம் கழித்து, சிரித்துக்கொண்டே, “எனக்கும் இதயம் முதுகுலதான் கீது போல. திங்கக்கெழமைலேருந்து அங்கதான் வலிக்குது. டேங்கு வார் அழுத்துது” என்றார்.

நானும் சிரிக்கத்தான் போனேன். அப்போதுதான் அவர் சட்டையைப் பார்த்தேன். நிழலில், மேகமூட்டத்தில் உட்கார்ந்திருந்தவருக்குச் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. உதடு வெளிறியிருந்தது. தொழிற்சாலை முதலுதவி அறைக்கு வாங்க என்றேன். “கேஸ்மா, காலைல பரோட்டா துன்னேன்” என்றார். வரமாட்டேன் என்று பீப்பாயைப் பிடித்துக்கொண்டார். அத்தனை வருஷ அண்ணன் என்ற மரியாதையெல்லாம் அன்றைக்குப் பறந்தது. “எழுந்திருய்யா!” என்று கத்தினேன். அந்தச் சத்தத்துக்கு அவர் எழுந்துவிட்டார்.

அங்கிருந்த நர்ஸ் ஈசிஜி எடுத்தார். காகிதம் வெளியே வர வர அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தார். பிறகு ஆம்புலன்ஸ். ஸ்ரீபெரும்புதூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஒதுங்க ஒதுங்கப் போனோம். அண்ணன் என் கையைப் பிடித்திருந்தார். அந்தப் புழுவுக்கு அடைத்துக்கொள்ள அப்படியொரு குழாயே இல்லை, இதயம் தள்ளியதும் ரத்தம் உடம்புக்குள் கொட்டித் தானாகப் பரவிக்கொள்ளும் என்பதுதான் என் மனசில் ஓடியது. நமக்கோ இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் சின்னக் குழாய் ஒன்று அடைத்தாலும் போதும். பரீட்சையில் இரண்டுக்கும் வேறுபாடு எழுதி முழு மார்க் வாங்கியிருக்கிறேன். அந்த வேறுபாட்டின் எதிரில் உட்கார்ந்து அழுதது அன்றுதான்.

அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். கொஞ்சம் தாமதித்திருந்தாலும் கஷ்டம் என்றார் டாக்டர். பார்க்கப் போனபோது அண்ணன் தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார், கொசு கடிக்கிறது என்று வார்டு பாயிடம் சண்டையும் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி மல்லிகா அண்ணி. நடந்ததையெல்லாம் என்னிடமிருந்து கேட்டுவிட்டு, புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே கணவரைப் பார்த்துச் சொன்னார்:

“திங்கக்கெழமைலேருந்து ஆஸ்பத்திரிக்கு வான்னு கூப்புடறேன், வர்ல. பொண்டாட்டி சொன்னா கேக்காது இது, கொசுப்புழு சொன்னாதான் கேக்கும்!”

பூச்சிகளைக் கொல்லத்தான் எனக்குச் சம்பளம், ஆனால் இந்த வேலையில் இதுவரை அடி வாங்கியதெல்லாம் என் நெஞ்சுதான்.