நூறு இருக்க வேண்டிய கோடு

ஹைதராபாத்தில் நாச்சாரத்தைத் தாண்டி மல்லாபூர்ச் சாலையில் நடந்துகொண்டிருந்தபோதுதான் என் பைக்குள் கடையின் இரும்பு ஸ்கேல் இருப்பது தெரிந்தது. திருடவில்லை. காலையில் அமீர்பேட் ஜெராக்ஸ் கடையை விட்டுக் கோபமாகக் கிளம்பும்போது போர்வை, இரண்டு சட்டை, சோப்பு டப்பா என்று கையில் அகப்பட்டதையெல்லாம் அள்ளித் திணித்தேன். அதோடு அதுவும் வந்திருந்தது. திருப்பிக் கொடுக்கப் போனால் முதலாளி முகத்தை மறுபடி பார்க்க வேண்டும். இருக்கட்டும் என்று நடந்தேன்.

ஹப்சிகூடாவில் மெட்ரோவை விட்டு இறங்கியதிலிருந்து நடைதான். ஷேர் ஆட்டோவில் ஏறப் பையில் காசில்லை. நடப்பது எனக்குப் பழக்கம், ஓடுவதுதான் பழக்கமில்லை. அன்றைக்கு இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்தேன். மல்லாபூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில், எனக்கு அரைமணி நேரம் மட்டுமே பழக்கமான ஒரு மனிதரின் காரில், என் தப்பால் பொருந்தாத பிரேக்கை மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

நான் ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். அதற்குப் பிறகு சோலாப்பூரில் துண்டு மடித்தேன், விஜயவாடாவில் லாரிக்குத் தார்ப்பாய் கட்டினேன், ஹைதராபாத் வந்து ஜெராக்ஸ் கடையில் சேர்ந்தேன். ராத்திரி மிஷினுக்கும் சுவருக்கும் நடுவே படுக்கை. மிஷின் சூடு குளிர்காலத்துக்கு நல்லது.

அந்தக் கடையில் ஒரே ஒரு சட்டம் உண்டு. எதை அடித்தாலும் தாளுக்குள் அடங்கும்படி கொஞ்சம் சுருக்கி அடிக்க வேண்டும். கோச்சிங் படிக்கிறவர்களுக்கு நோட்ஸில் ஓரத்து எழுத்து ஒன்று வெட்டுப்பட்டாலும் சண்டைக்கு வந்துவிடுவார்கள். அதனால் கம்ப்யூட்டரில் அளவை அப்படியே நிறுத்தி, மானிட்டர் மேல் ‘மாற்றாதே’ என்று தெலுங்கில் சீட்டு ஒட்டியிருந்தார் முதலாளி. எட்டு மாதத்தில் நான் ஒழுங்காகக் கடைப்பிடித்த ஒரே உத்தரவு அதுதான்.

இரண்டு வாரம் முன்பு அந்தக் கார்க்காரர் வந்தார். கோயம்புத்தூர் பக்கம். ஐ.டி. கம்பெனியில், மற்றவர்கள் எழுதிய சாஃப்ட்வேரில் தப்பு இருக்கிறதா என்று சோதிக்கிற வேலை. தமிழ் கேட்டதும் எனக்குக் குஷி. அவர் கொண்டுவந்தது ஒரு படம். காரின் பிரேக் தட்டையும் அதைக் கவ்வுகிற காலிப்பரையும் பெரிதாக மாற்றப் போகிறார். அந்தப் பெரிய காலிப்பர் சக்கரத்துக்குள் இடிக்காமல் அடங்குமா என்று பார்க்க, அதன் உருவத்தை அச்சடித்து வெட்டி, சக்கரத்துக்குள் வைத்துச் சுற்றிப் பார்க்க வேண்டுமாம்.

“வீட்ல ஒரே ஒரு தடவைதானுங்க விட்டிருக்காங்க. இது பொருந்தலைன்னா காரை வித்துப்போட்டு ஏழு பேர் உக்கார்ற வண்டி வாங்கோணும்னு பேச்சு. நாங்க ரெண்டே பேருங்க!”

“பொருந்தலைன்னா திருப்பிக் குடுத்திர வேண்டியதுதான சார்?”

“பிரேக் ஆயில் உள்ள போறவரைக்கும் திருப்பி எடுப்பாங்க. ஒரு சொட்டுப் போயிருச்சுன்னா அது நம்முளுதுங்க. அதுக்குத்தான் இந்த டெஸ்ட்டு.”

இருப்பதிலேயே தடிமனான அட்டையில் அடித்து, நானே கத்தரித்துக் கொடுத்தேன். அதன் நடுவே ஒரு கோடும், பக்கத்தில் இங்கிலீஷில் ஏதோ எழுத்தும் இருந்தன. இங்கிலீஷை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், அன்றைக்குக் கூட்டவில்லை. ஒரு வாரம் கழித்து வந்து, அட்டை அழகாகச் சுற்றியது என்று சொல்லிவிட்டுப் போனார். பார்சல் வந்ததும் சனிக்கிழமை மல்லாபூரில், லாரி எடை மேடைக்கு எதிர் ஒர்க்‌ஷாப்பில் மாட்டப் போவதாகவும் சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை காலையில், வரைபடக் கோர்ஸ் படிக்கிற ஒருத்தன் தாளை என் முகத்துக்கு நேரே ஆட்டிக்கொண்டு கத்தினான். நூறு மில்லிமீட்டர் இருக்க வேண்டிய கோடு தொண்ணூற்றாறு இருக்கிறதாம். அளந்தேன். அப்படித்தான் இருந்தது. அவனுடைய ஸ்கேல்தான் தப்பு என்று சொல்லச் சொன்னார் முதலாளி. எனக்கு அந்த அட்டையின் நடுவே இருந்த கோடு ஞாபகம் வந்தது. அதையும் சுருக்கித்தான் அடித்திருந்தேன். கார்க்காரரின் நம்பர் கடை போனில் இருந்தது, கேட்டேன். “வேலையைப் பார்க்கிறவனுக்குத்தான் நம்பர்” என்றார் தெலுங்கில். பேச்சு வளர்ந்தது. கடைசியில் நான் வேலையைப் பார்க்கிறவனாக இல்லை.

எடை மேடைக்கு எதிர் ஒர்க்‌ஷாப்பில், கார் இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் நின்றது. முன்சக்கரம் கழற்றியிருந்தது. சிவப்புக் காலிப்பர் மாட்டியாகிவிட்டது. மெக்கானிக் ஆயில் குழாயின் நட்டில் ஸ்பேனரை வைத்திருந்தார்.

“அண்ணே, ஊத்தாதீங்க!”

மெக்கானிக் மூன்று தலைமுறையாக செகந்திராபாத்தில் இருக்கிற தமிழ்க் குடும்பம். பேச்சில் ஊர் உருது கலந்திருக்கும். மெதுவாகத் திரும்பினார். “கைக்கு, எதுக்கு இப்படி ஓடி வர்ற? நாய் துரத்துதா?”

“நீங்க ஜெராக்ஸ் கடைக்காரருல்லங்க?” என்றார் கார்க்காரர்.

மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் சிரித்தார். “அட்டை வெச்சுப் பாத்தாச்சுங்க. சும்மா பம்பரமாச் சுத்துச்சு.”

“அந்த அட்டைய எடுங்க சார்.”

காரிலிருந்து எடுத்தார். கோட்டின் மேல் இரும்பு ஸ்கேலை வைத்தேன். தொண்ணூற்றாறு. பக்கத்தில் எழுதியிருந்ததை அவரே சத்தமாகப் படித்து, தமிழிலும் சொன்னார். “இந்தக் கோடு நூறு மில்லிமீட்டர் இருக்கிறதா என்று அளந்த பிறகே பயன்படுத்தவும்.” படித்து முடித்ததும் ஸ்கேலைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்.

“பேப்பர் பிரேக்கு நல்லா ஃபிட் ஆச்சு சார்” என்றார் மெக்கானிக். “இரும்பு பிரேக்கு என்ன சொல்லுதுன்னு கேப்போம். யோவ், பக்கத்து டிஃபன் சென்டர்ல பூரி மாவு ஒரு உருண்டை வாங்கிட்டு வா.”

டிஃபன் சென்டர் அம்மா தெலுங்கில் எதற்கு என்று கேட்டார். காருக்கு என்றேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டு, திருப்பித் தர வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்.

காலிப்பருக்கு மேல் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அதன்மேல் மாவை அப்பினார் மெக்கானிக். சக்கரத்தை மாட்டிக் கையால் மெல்லச் சுற்றினார். கால் சுற்றுகூடப் போகவில்லை, நின்றுவிட்டது. கழற்றிப் பார்த்தால் மாவு இரண்டாகப் பிளந்து, நடுவே பிளாஸ்டிக் தெரிந்தது. காலிப்பர் சக்கரத்தில் இடிக்கிறது.

கார்க்காரர் ஒரு டயர் மேல் உட்கார்ந்தார். “ஏழு சீட்டு” என்றார், யாரிடமும் இல்லாமல்.

“டென்ஷன் நக்கோ, வேணாம் சார். எதுக்குப் பெருசு வேணும்னு வந்தீங்க?”

“ஸ்ரீசைலம் மலை இறங்கும்போது பெடல் பஞ்சு மாதிரி உள்ள போச்சுங்க.”

மெக்கானிக் பானெட்டைத் திறந்து ஆயில் டப்பாவின் மூடியைக் கழற்றிக் காட்டினார். உள்ளே கஷாயம் மாதிரி இருந்தது. “இது எப்ப மாத்துனது?”

“அதை மாத்தோணுமா?”

“ஹவ், மாத்தணும்! ஆயில் செத்துக் கிடக்கு. இத வெச்சுக்கிட்டு யானை சைஸ் பிரேக் போட்டாலும் பஞ்சுதான். முன்னாடி மட்டும் பெருசு போட்டா பின்னாடி பிரேக்கு சும்மா கூட வரும். இருக்குற டிஸ்க் போதும். சூடு தாங்குற பேடு, புது ஹோஸ், புது ஆயில். முடிஞ்சுது.”

“இதை ஏனுங்க முன்னாடியே சொல்லல?”

“கேட்டீங்களா? காலிப்பர் டப்பாவோட வந்தீங்க. டப்பாவோட வர்றவங்ககிட்ட நான் பேசறதில்ல.”

புதுக் காலிப்பரைத் துடைத்து, வந்த மாதிரியே டப்பாவில் அடுக்கினோம். பழைய பிரேக்குக்கான பேடு நாச்சாரத்திலிருந்து வந்து, ஆயில் மாற்றி முடிக்கச் சாயங்காலம். ஃபேக்டரிகளுக்குப் பின்னாலிருந்த காலிச் சாலையில் சோதனை. மெக்கானிக் முன்சீட்டில். பின்சீட்டில் என் பக்கத்திலிருந்த டப்பாவுக்கு பெல்ட் போட்டுவிட்டார் கார்க்காரர், எனக்குப் போட மறந்துவிட்டார். வேகம் பிடித்து, ஒரு மிதி. என் நெற்றி முன்சீட்டில் மோதியது.

“நிக்குதுங்க!” என்று சந்தோஷமாகத் திரும்பினார்.

“தெரியுது சார்.”

அப்போது வீட்டிலிருந்து போன் வந்தது. காரின் ஸ்பீக்கரில் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. “பொருந்துச்சா இல்லையா? ஒரே வார்த்தை.”

அவர் என்னைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார். பொய் சொல்லுவார் என்று நினைத்தேன். “பொருந்தலை. ஆனா ஆயில் ஊத்தலை. டப்பா திரும்பப் போகுது. பழைய பிரேக்கையே சரி பண்ணியாச்சு.”

“யாரு கண்டுபுடிச்சது?”

“பிரிண்ட் போட்டவரே வந்து சொன்னாரு. அளவு பாக்காம விட்டுட்டேன்.”

“நீங்க டெஸ்டிங்லதான இருக்கீங்க?”

மெக்கானிக் ஜன்னல் பக்கம் திரும்பித் தோள் குலுங்கச் சிரித்தார்.

“சரி. ஒழுங்கா ஒத்துக்கிட்டீங்க, கார் இருக்கட்டும்” என்றது போன். “அடுத்த வாரம் எங்கம்மாவ ஸ்ரீசைலம் கூட்டிட்டுப் போறோம். எறங்கறப்ப அவங்க பயந்து கண்ண மூடலைன்னா காரை வெச்சுக்கலாம்.”

கார்க்காரர் என்னை அமீர்பேட்டில் இறக்கிவிடட்டுமா என்று கேட்டார். அங்கே இப்போது ஒன்றும் இல்லை என்றேன். மெக்கானிக், திங்கட்கிழமை வந்தால் ஏதாவது வேலை பார்க்கலாம் என்றார். நடுவே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதாக இருந்தது. அன்று ராத்திரி ஒர்க்‌ஷாப் வராந்தாவில் போர்வையை விரித்துப் படுத்தேன்.

விடிந்ததும் டிஃபன் சென்டர் அம்மா என்னைத் தட்டி எழுப்பி, மாவு எங்கே என்று கேட்டார். அது காருக்குள் போய் வந்த கதையைத் தெரிந்த தெலுங்கில் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டு, பூரிக்கு ஆள் வரவில்லை, மாவுக்குப் பதில் கையைக் கொடு, சாப்பாடும் படுக்க இடமும் உண்டு என்றார். ஸ்கேலை நன்றாகத் தேய்த்துக் கழுவினேன். மாவைத் துண்டு போட அதைவிட நல்ல கத்தி கிடையாது. எட்டு மணிக்குள் இருநூறு பூரி தேய்த்தேன்.