வீடில்லாதவர்கள் கை தூக்குங்கள்

அரசு மாணவர் விடுதியில் எண்பது பேருக்குச் சோறாக்கிப் போடுகிறவள் ராயம்மாள். மெல்லப் பேசினால் அங்கே வேலைக்கு ஆகாது. மாரண்டஹள்ளி கடைத்தெருவில் அவள் பேரம் பேசினால் நாலு கடை தள்ளிக் கேட்கும். ஒரே ஒரு விஷயத்தில்தான் அவள் குரல் இறங்கும். பதினெட்டு வருஷமாகக் குடியிருக்கும் வீடு வாடகை வீடு என்பதுதான் அது.

சொந்த வீடு இல்லை என்று அந்தப் பக்கத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அரிசி தீர்ந்துபோனாலும் 'நெறஞ்சிருக்கு' என்றே சொல்லிப் பழகிய வாய்கள். கல்யாணத்துக்குப் பெண்ணை வைத்திருப்பவர்கள் என்றால் கேட்கவே வேண்டாம். ராயம்மாளின் மகள் வேளாங்கண்ணிக்கு அப்போது இருபது வயது. பாலக்கோட்டில் தாலுகா ஆபீஸ் கிளார்க்காக இருந்த அருள்சாமி தன் மகனுக்காக அவளைப் பெண் பார்க்க வந்தார். சுவரையும் கூரையையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு, "சொந்த வூடுங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றாள் ராயம்மாள்.

லாரி ஓட்டுகிற அவள் புருஷன் கஸ்பார் காப்பியைக் குடிக்காமல் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். வந்தவர்கள் பஸ் ஏறிய பிறகுதான் அவனுக்கு வாய் வந்தது.

"எதுக்குடி இப்பிடி ஒரு பொய்?"

"பொய்யில்ல. மூணு மாசத்துல நெசமாவப் போறத கொஞ்சம் முன்னாடி சொல்லிட்டேன்."

அவள் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. பாலக்கோடு சாலையில் வீட்டுவசதி சங்கம் நாற்பத்து மூன்று வீடுகள் கட்டிக்கொண்டிருந்தது. அதில் ஒன்று இவளுக்கு. முதன்முதலாக வீடு வாங்குகிறவர்களுக்குப் பத்திரம் பதியும் வரியில் பாதி தள்ளுபடி என்று ஒரு சலுகை இருந்தது. அந்தப் பாதியை நம்பித்தான் புருஷனும் பெண்டாட்டியும் சங்கத்தில் சேர்ந்தார்கள். ஆனால் சலுகை 1986 மார்ச் கடைசியோடு முடிகிறது. சிமெண்ட் வந்து சேராததால் ஜனவரியில் சுவர் ஜன்னல் மட்டத்தில் நின்றது. வீடு முடியாமல் பத்திரம் பதிய முடியாது. மார்ச் தாண்டினால் முழு வரி. அதைக் கட்ட முடியாதவர்களின் வீடு, காத்திருக்கும் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

சலுகையை இன்னும் ஒரு வருஷம் நீட்டிக்க வேண்டும் என்று மனு எழுத வைத்தவள் ராயம்மாள். வீடு வீடாக ஏறி இறங்கி நாற்பத்து மூன்று கையெழுத்தையும் வாங்கியவளும் அவள்தான். கதவுக்கு உள்ளே உட்கார்ந்து கையெழுத்துப் போட யாரும் தயங்கவில்லை. மனு எம்.எல்.ஏ.விடம் போனது. சட்டசபையில் பேசுவதற்கு முன் ஆட்களை நேரில் பார்க்கவேண்டும் என்று அவர் சொல்லியனுப்பினார்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்த கையோடு எல்லோரும் சங்கக் கொட்டகையில் கூடினார்கள். எம்.எல்.ஏ. ஜீப்பில் வந்து இறங்கினார். பெயர் எழுதிக்கொள்ளத் தாலுகா ஆபீஸிலிருந்து ஒரு கிளார்க்கும் கூடவே இறங்கினார். அருள்சாமி! ராயம்மாள் முன்வரிசையிலிருந்து எழுந்து பின்னால் போய் உட்கார்ந்தாள்.

"நாளைக்கு சபையில என்னைய நாலு கேள்வி கேப்பாங்க" என்றார் எம்.எல்.ஏ. "சொந்த வூடு இல்லாதவங்க கை தூக்குங்க. என் கண்ணால எண்ணிட்டுப் போறேன்."

ஒரு கைகூட எழும்பவில்லை. மனுவில் முதல் கையெழுத்துப் போட்ட பாஞ்சாலி முந்தானையைச் சரிசெய்தாள். மாதப்பன் கொட்டகைக் கூரையில் ஓலை எண்ணினார். ஊர் ஜனம் மொத்தமும் உட்கார்ந்திருக்கிற இடத்தில் யார் முதலில் தூக்குவது?

எம்.எல்.ஏ. சிரித்தார். "எல்லாருக்கும் வூடு இருக்குதுன்னா நான் யாருக்குன்னு போய்க் கேக்கறது?" மனுவை மடித்து அருள்சாமியிடம் கொடுத்துவிட்டு எழுந்தார்.

ராயம்மாள் கை தூக்கினாள். அவமானம் பிடுங்கித் தின்றது. ஆனால் மடித்த மனு ஜீப்பில் ஏறிவிட்டால் வீடும் அதோடு ஏறிப் போய்விடும். அவளைப் பார்த்து அங்கொன்றும் இங்கொன்றுமாக இன்னும் பதினோரு கைகள் எழும்பின.

"பன்னெண்டுதானா? கையெழுத்து நாப்பத்தி மூணு இருக்குதே?"

"மத்தவங்களுக்கும் இல்லீங்க" என்றாள் ராயம்மாள், விடுதிச் சமையற்கட்டில் பேசுகிற குரலில். "பொண்ணு வச்சிருக்காங்க, அதான் தூக்கல. நானும் வச்சிருக்கேங்க."

அருள்சாமி நிமிர்ந்து பார்த்தார். முன்பின் தெரியாதவளிடம் கேட்பதுபோல, "பேர் சொல்லுங்க" என்றார்.

"ராயம்மாள்ங்க. சொந்த வூடு இல்லீங்க."

எழுதிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு அருள்சாமி ராயம்மாளின் வீட்டுக்கு வந்தார். பாயை விரித்தும் உட்காரவில்லை. "வூடு இல்லாதது குத்தமில்லீங்க. நானே ரொம்ப வருசம் வாடகையில கெடந்தவன். அன்னிக்குக் கேட்டப்பவே சொல்லியிருக்கலாம்" என்றார். சம்பந்தம் அதோடு முறிந்தது. அவர் சொன்னது சரிதான் என்று ராயம்மாளுக்குத் தெரியும். இருந்தாலும் அவர்மேல் அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. வேளாங்கண்ணி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் தானே தட்டை எடுத்து வைத்துக்கொண்டாள்.

மார்ச் கடைசி வாரத்தில் உத்தரவு வந்தது. சலுகை இன்னும் ஒரு வருஷத்துக்கு உண்டு. ஜூனில் வீடுகளும் முடிந்தன.

பத்திர ஆபீஸ் வரிசையில் ராயம்மாளுக்கு முன்னால் பாஞ்சாலி நின்றாள். கை தூக்காத பாஞ்சாலிக்கும் அதே பாதி வரிதான். போன மாதம் அவள் மகளுக்கு நிச்சயமும் ஆகியிருந்தது. அந்தக் கொண்டையைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினால் என்ன என்று ராயம்மாளுக்குத் தோன்றியது. செய்யவில்லை.

அவள் முறை வந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் தலை நிமிராமல் கேட்டார்.

"இதுக்கு முன்னாடி சொந்த வீடு எதாச்சும் இருந்துச்சாம்மா?"

ராயம்மாள் பக்கத்தில் நின்ற மகளைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பதிலைச் சொல்லப்போய்த்தான் அவள் சம்பந்தம் முறிந்தது.

"இல்லீங்க சார்" என்றாள் வேளாங்கண்ணி, வரிசை முழுக்கக் கேட்கும்படி. "இதான் எங்களுக்கு மொத வூடு."