பாலாவிச் சந்தியின் ஹெட்லைட் ஹயாத்து

பாலாவிச் சந்தியில் கல்பிட்டிப் பக்கம் திரும்பியதும் இடது கையில் ஒரு தகரக் கொட்டில் வரும். பெயர்ப்பலகை கிடையாது. வேலியில் ஒரு பழைய ஹெட்லைட் தொங்கும். அதில் ஒரு பாதி மஞ்சள், மறுபாதி பளிங்கு. அதுதான் விளம்பரம். உள்ளே இருப்பவரை ஊரில் ஹெட்லைட் ஹயாத்து என்பார்கள். அவருடைய முழுப்பெயர் ஹயாத்து முகம்மது என்பதையே நான் ஒரு கலியாண அழைப்புக் கார்டில்தான் வாசித்தேன். அந்தக் கலியாணத்தைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

என் பெயர் நிக்கொலஸ். கல்பிட்டியில் வேன் ஓட்டுகிறேன். கடல் வேண்டாமென்று சாரதியானவன் நான், ஆனால் உப்பு என்னை விடவில்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, பாலாவியில் உப்பளம், போதாக்குறைக்கு வெயில். இந்தக் கரையில் ஓடும் வாகனத்துக்கு நாலைந்து வருடத்தில் ஹெட்லைட் மஞ்சள் பூத்துவிடும். பல்ப் எவ்வளவு எரிந்தாலும் வெளிச்சம் வெளியே வராது. புது லைட்டின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். அதனால் எல்லோருக்கும் ஹயாத்து நானாதான் கதி; அண்ணனை இங்கே நானா என்போம்.

முதலில் பெயின்ட்டில் கீறல் விழாதபடி லைட்டைச் சுற்றி டேப் ஒட்டுவார். பிறகு தண்ணீர் விட்டு விட்டு வோட்டர் பேப்பர் என்ற உப்புத்தாளால் தேய்ப்பார். எண்ணூறு, ஆயிரம், இரண்டாயிரம் என்று பேப்பர் மென்மையாகிக்கொண்டே போகும். தேய்க்கத் தேய்க்க லைட் தெளியாமல் பால் ஊற்றியதுபோல வெளுக்கும். முதல் தடவை நான் பதறிப்போய், "நானா, இருந்ததையும் கெடுத்திட்டீங்களே" என்றேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைசியில் பொலிஷ் போட்டுத் துடைக்கும்போதுதான் லைட் கண் திறந்தது. கிணற்றுத் தண்ணீரை அவர் தொடமாட்டார், அது உவர். உப்பு ஒரு துளி நின்றாலும் பிறகு புள்ளி பூக்குமாம். குடிக்க வாங்கும் பில்டர் தண்ணீரில்தான் வேலை. அதில் அவர் குடித்ததைவிட ஹெட்லைட்டுகள் குடித்ததுதான் அதிகம்.

பொலிஷோடு விடவும் மாட்டார். மேலே 'கிளியர்' என்ற பூச்சை இரண்டு தரம் விசிற வேண்டும், தூசி படாமல் காயவிட வேண்டும். இல்லாவிட்டால் மூன்று மாதத்தில் பழைய மஞ்சள் வந்து குந்திவிடும். அவசரம் என்று யாராவது சொன்னால், "அரைகுறை வேலைக்கு வேற ஆளப் பாருங்க" என்பார். அவ்வளவுதான் அவருடைய பேச்சு.

அவர் புத்தளத்து ஆளில்லை. மன்னார் பக்கம், சிலாவத்துறைக்கு அருகே ஒரு கிராமம். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது பதினேழு வயதில் ஒரு பையோடு இங்கே வந்தவர். அகதி முகாமில் வளர்ந்து, அங்கேயே கமறியாவைக் கலியாணம் செய்து, கட்டாரில் இரண்டு வருடம் இருந்து, இந்தத் தொழிலைப் படித்துக்கொண்டு திரும்பினார். யுத்தம் முடிந்தது. ஊருக்குப் போகலாம் என்றதும் கமறியா பத்து வயது மகள் நபீலாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். காடு மண்டிக் கிடந்த காணியை வெட்டித் துப்புரவாக்கி வீடும் கட்டினார். ஹயாத்து நானா போகவில்லை. அந்தக் காட்டில் யாருடைய லைட்டைத் துடைப்பது என்று கேட்டார். முதல் மூன்று வருடம் பெருநாளுக்குக் காட்டுவழி பஸ்ஸில் போய்வந்தார். பிறகு அதுவும் நின்றது. ஒவ்வொரு பெருநாளும் வேலை இருந்தது.

கேட்டால் சிரிப்பார். அந்தக் கொட்டிலில் ஒரு பாயும் ஒரு கதிரையும்தான் இருந்தன. பின்னேரம் பாணும் பருப்பும் வாங்கிவந்து பாதையைப் பார்த்தபடி தனியே சாப்பிடுவார். போகிற வாகனங்களின் லைட்டை மட்டும் கவனிப்பார். எனக்கு அவர்மேல் எரிச்சலும் வரும், பாவமாகவும் இருக்கும்.

போன வருடம் அவருடைய தம்பி ஃபாஹிம் வந்து, நபீலாவுக்கு மாப்பிள்ளை பேசியிருக்கிறோம் என்றார். முஸ்லிம் கலியாணத்தில் பெண்ணைக் கைபிடித்துக் கொடுப்பது வாப்பா. அவரால் வர முடியாவிட்டால் இன்னொருவரிடம் அந்தப் பொறுப்பை எழுதிக்கொடுக்கலாம். "ஒங்களுக்கு வேலை எண்டா என்ன செய்ற?" என்று ஃபாஹிம் கடதாசியை நீட்டினார். வாசித்துப் பார்க்காமலே நானா கையெழுத்துப் போட்டார். நாள் குறித்ததும் சொல்வார்கள் என்று நினைத்திருக்கிறார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு காலை ஏழு மணிக்கு என் வேனை அவரிடம் கொண்டுபோனேன். முகாம் பக்கத்து ஆட்களை மன்னார் பக்கம் ஒரு கலியாணத்துக்கு ஏற்றிப்போகும் ஹயர். திரும்பிவர இருட்டிவிடும், அனுராதபுரப் பாதையில் யானை நிற்கும். ஒன்பதுக்கு ஆள் ஏற்ற வேண்டும், பொலிஷ் மட்டும் போதும் என்றேன். வழக்கமான பதில்தான் கிடைத்தது. எங்கே போகிறாய் என்று அவர் கேட்கவில்லை.

இரண்டாவது தரம் கிளியர் விசிறி முடித்தபோது மணி ஒன்பதரை. எனக்குக் குறுக்கு வழி தெரியாது. ஹயர் பேசியவர்கள் தந்த கலியாணக் கார்டை எடுத்தேன்.

"நானா, நீங்க அந்தப் பக்கத்து ஆள்தானே. எந்த வழியால போனாக் கெதி?"

"எந்த ஊரெண்டு வாசிங்க."

வாசித்தேன். எனது மகள் நபீலாவின் நிக்காஹ் வைபவத்துக்குக் குடும்பத்தோடு வருகைதருமாறு அன்போடு அழைக்கிறேன் என்று இருந்தது. அழைப்பவர் ஹயாத்து முகம்மது, பாலாவி.

எனக்கு மண்டை வேலை செய்யவில்லை. "நானா, பாலாவியில உங்கட பேர்ல வேற ஆக்கள் இருக்கினமா?" என்று கேட்டேன்.

அவர் ஈரக் கையோடேயே கார்டை வாங்கினார். இரண்டு தரம் வாசித்தார். தண்ணீர்க் கேனின் மேல் உட்கார்ந்தார். "இண்டைக்கா" என்றார்.

கை ஈரமாக இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் கமறியாவோடு பேசினார். எனக்கு எல்லாம் கேட்டது.

"நாள் வெச்சதும் மூணு தரம் கோல் எடுத்தன். நீங்க எடுக்கல்ல" என்றார் கமறியா.

"வேலையில இருந்திருப்பன். ஈரக் கை."

"ஓம், தெரியும். காட் அடிச்சதும் ஒங்களுக்கு ஒண்டு குடுக்கச் சொல்லி ஃபாஹிமுக்கிட்டச் சொன்னன். அவன் சிரிச்சான். ஊரையே கூப்புடுற ஆள் நீங்க, ஒங்களுக்கே காட் குடுக்கிறதா எண்டான்."

நானா, "நான் வாறன். எத்தின மணிக்கு?" என்றார்.

"அஸறு தொழுதிட்டு நிக்காஹ். நீங்க வந்தா ஃபாஹிமுக்கு வேலையில்ல, நீங்களே கைபிடிச்சுக் குடுக்கலாம். ஆனா காத்திருப்பம் எண்டு சொல்லமாட்டன். பன்னெண்டு வருசமா நாங்க அதத்தான் செஞ்ச. இண்டைக்குப் புள்ளட நாள்."

அஸறு என்றால் மூன்றரை மணி. "ஏறுங்க நானா, போவம். தூசி ஒட்டினா ஒட்டட்டும்" என்றேன். அவர் எழுந்து என் லைட்டைப் பார்த்தார். அந்த நேரத்திலும் லைட்டைத்தான் பார்த்தார்.

"இப்ப எடுத்தா எல்லாம் வீண். ஒரு மணித்தியாலம் காயட்டும். எலுவன்குளத்துக் காட்டால போனா மூணு மணித்தியாலம் தேவையில்ல. நேரம் கிடக்கு."

அந்த ஒரு மணித்தியாலத்துக்காக நான் இன்னும் அவரை மன்னிக்கவில்லை. அதற்குள் அவர் குளித்து, தாடியை ஒதுக்கி, பாய்க்கு அடியிலிருந்து வெள்ளைச் சாரத்தை எடுத்துக் கட்டினார். நகத்தில் ஏறியிருந்த தேய்ப்புத் தூளின் வெள்ளை மட்டும் போகவில்லை.

முகாமில் ஏறிய ஆசியா உம்மா அவருக்குத் தூரத்து மாமி. அவரைக் கண்டதும் திகைத்துப்போனார். "அட ஹயாத்து, நீ இன்னம் போகல்லயா? பொண்ணுட வாப்பா, முந்தியே போயிருப்பாய் எண்டெல்லோ நாங்க நெனச்ச." நானா அசட்டுச் சிரிப்பு சிரித்தார். நான் காட்டுப் பக்கம் திருப்பியதும் மாமி மறுபடி சொன்னார், "அந்தப் பாதையப் பூட்டிட்டாங்க எண்டு கதைச்சாங்களே."

"எனக்குத் தெரியாத பாதையா மாமி" என்றார் நானா.

எலுவன்குளம் தாண்டிக் காட்டு வாசலில் தடை போட்டிருந்தது. காவலாளி சிங்களத்தில் சொன்னார், வாகனம் போக முடியாது, அனுராதபுரத்தால் சுற்றிப் போங்கள் என்று. எவ்வளவு காலமாக என்று நானா கேட்டார். கனகாலம், என்றார் காவலாளி, இதுகூடத் தெரியாதா என்ற மாதிரி. ஒன்பது வருடமாக ஊர்ப்பக்கம் போகாத ஒருவருடைய நினைப்பில் மட்டும்தான் அந்தப் பாதை திறந்திருந்தது. நான் திருப்பினேன். திரும்பப் புத்தளம் வந்தபோது பள்ளியில் நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது.

அதன்பிறகு நான் ஓட்டியதை ஓட்டம் என்று சொல்லக்கூடாது. முன் ஸீட்டில் நானா மணியைப் பார்ப்பதும் மடியில் கையை வைப்பதுமாக இருந்தார். மதவாச்சியில் ஒரேயொரு தடவை, "நிக்கொலஸ், அவளுக்கு இப்ப உயரம் எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு அழுகை வந்தது, யானை நிற்கிறதா என்று பார்ப்பதுபோல வெளியே பார்த்தேன்.

போய்ச் சேர்ந்தபோது ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. பந்தலில் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். ஃபாஹிம் ஓடிவந்தார்.

"நானா, அரை மணித்தியாலத்துக்கு மேல பாத்தம். பதிவுக்காரருக்கு இன்னொரு எடத்துல நிக்காஹ் இருந்திச்சி."

"பரவாயில்ல. ஒழுங்காச் சொல்லிக் குடுத்தியா?"

"ஓம் நானா."

ஹயாத்து நானா தலையை ஆட்டினார். பதினைந்து வருடமாக எனக்குத் தெரிந்த மனிதர், அன்றைக்குத்தான் அவர் கிழவராகத் தெரிந்தார்.

ஆசியா உம்மாவின் பையைத் தூக்கிக்கொண்டு நானும் வீட்டு வாசல்வரை போனேன். கமறியா உள் கதவில் நின்று சலாம் சொன்னார், கிட்ட வரவில்லை. நபீலா மணப்பெண் உடுப்போடு முன் மண்டபத்துக்கு வந்தாள். வாப்பாவைவிட ஒரு விரலளவு உயரம். சலாம் சொல்லி அவருடைய கையைப் பிடித்து முத்தமிட்டாள். அவள் முகத்தில் கோபம் தேடினேன், இல்லை. தூரத்திலிருந்து வந்த விருந்தாளியிடம் காட்டும் மரியாதைதான் இருந்தது.

"வேன் எத்தின மணிக்குத் திரும்புது வாப்பா?" என்று கேட்டாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் பேசாமல் இருந்திருக்கலாம். வேன் பழுது, நாளைக்குத்தான் போகலாம் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். கேட்டவுடன் நேரம் சொல்லிப் பழகிய சாரதி வாய், "ஏழு மணிக்கு" என்றது.

"அப்ப நேரத்தோட சாப்புடுங்க வாப்பா" என்றாள் நபீலா. "ஒங்களுக்குப் போக எவ்வளவு தூரம்."