அடிபடாமல் கன்றிய உடம்பு

குளிக்கும்போதுதான் பார்த்தேன், தொடையில் ஒரு கன்றல். நாவல்பழத்தை நசுக்கித் தேய்த்த நிறம். எங்கே இடித்துக்கொண்டேன் என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. நாமக்கல்லில் முட்டை மொத்த வியாபார ஆபீஸில் எனக்கு வேலை. பஸ் நெரிசலில் தினமும் நாலு பேர் இடிப்பார்கள், அதுவாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். அப்புறம் முழங்கையில் ஒன்று, முதுகில் ஒன்று. கணுக்காலுக்கு மேலே வேர்க்குரு மாதிரிச் சிவப்புப் புள்ளிகள். பல் துலக்கினால் எச்சிலோடு ரத்தம். நான் பிரஷ்ஷைத் திட்டினேன்.

மாதவிலக்கு வந்தது, நிற்கிற வழியைக் காணோம். “சூட்டு ஒடம்புங்க உங்களுக்கு, வெந்தயத்த மோர்ல போட்டுக் குடிங்க” என்றார்கள் ஆபீஸில். குடித்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்! ஒரு காலையில் மூக்கிலிருந்து ரத்தம் ஒழுக ஆரம்பித்து நிற்காமல் போனபோதுதான் பயம் வந்தது. என் கணவர் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். வேலையைப் போட்டது போட்டபடி ஓடிவந்து, வாடகைக் காரில் என்னைச் சேலத்துக்குக் கூட்டிப்போனார். வழியெல்லாம், “ஒண்ணும் ஆவாது அம்மிணி” என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

டாக்டரம்மா என் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதுகைப் பார்த்தார். பிறகு கணவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

“பயப்படாம சொல்லுங்கம்மா. வீட்டுல யாராவது கை நீட்டறாங்களா?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த மனுஷன் ஈ அடிக்கவே யோசிப்பவர். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகவில்லை, இதுவரை குரல் உயர்த்திப் பேசியது இல்லை. “ஐயோ, அவரு அப்படிப்பட்டவர் இல்லைங்க!” என்று கத்தியே விட்டேன். “கேட்கறது என் கடமைம்மா” என்று சொல்லி ரத்தம் எடுக்க அனுப்பினார்.

முடிவு வந்ததும் மெஷினில் ஏதோ தப்பு என்று மறுபடி எடுத்தார்கள். தப்பு இல்லை. லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய பிளேட்லெட் எனக்கு ஆறாயிரம்தான் இருந்தது. “தலைக்குள்ள ரத்தம் கசிஞ்சிருந்தா உங்களைப் பாத்திருக்கவே முடியாது. கட்டிலை விட்டு இறங்கக்கூடாது” என்றார் டாக்டரம்மா. இதுவரை மோர் குடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன்!

புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்ய இடுப்பெலும்பில் ஊசியைச் செலுத்தி மஜ்ஜையை எடுத்தார்கள். நல்ல வேளை, அது இல்லை. டாக்டரம்மா கட்டிலோரம் நின்று பொறுமையாகச் சொன்னார். “எலும்பு மஜ்ஜைல பெரிய பெரிய செல்லு இருக்கும்மா. அது தன் உடம்பையே நீட்டி நீட்டி, துணுக்கு துணுக்கா ரத்தத்துல உதிர்க்கும். அந்தத் துணுக்குதான் பிளேட்லெட். ரத்தக்குழாய் எங்க பிஞ்சாலும் ஓடிப்போய் அடைக்கறது அதுதான். பத்து நாளுக்கு மேல உயிரோட இருக்காது. அதனால புதுசு வந்துக்கிட்டே இருக்கணும். உங்களுக்கு உள்ள வேலை நல்லாவே நடக்குது. ஆனா வெளிய வந்ததும் உங்க எதிர்ப்புசக்தியே அதை எதிரின்னு குறி வெச்சிடுது, மண்ணீரல் பிடிச்சு அழிச்சிடுது.”

என் உடம்பே என்னைக் கொல்லப் பார்த்திருக்கிறது. கணவர் எங்கிருந்தோ பப்பாளி இலை கொண்டுவந்து நர்ஸிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஸ்டீராய்டு கொடுத்தார்கள். எண்ணிக்கை மெல்ல ஏறியது.

அதன் பிறகுதான் அம்மா சேந்தமங்கலத்திலிருந்து வந்தாள். டாக்டரம்மா சொன்னதை என் கணவர் அவளுக்கு எடுத்துச் சொல்லிவிட்டு டீ வாங்கப் போனார். அவர் தலை மறைந்ததும் அம்மா பொலபொலவென்று அழுதாள்.

“மாப்ளய நான் தப்பா நெனச்சுப்போட்டனே சாமி. ஆடி நோம்பிக்கு நீ வந்தப்ப, தலைக்குத் தண்ணி ஊத்தறப்பவே முதுகுல பாத்தேன்.”

“என்னம்மா சொல்ற?”

“அவருதான் அடிக்கறாருன்னு நெனச்சுட்டேன்.”

“நெனச்சுட்டு? ஒரு வார்த்தை கேக்காம, விருந்து போட்டு, அதே ஆளுகூட என்னைய பஸ் ஏத்தி உட்டயா?”

“புதுசுல அப்படித்தான் இருக்கும், போகப்போகச் சரியாயிரும்னு இருந்துட்டேன்.”

முன்பின் தெரியாத டாக்டர் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டதைப் பெற்றவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பேன். “நெசமாலுமே அடிச்சிருந்தா? செத்துப்போயிருந்தா என்ன பண்ணியிருப்ப?” என்று கத்தினேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “எனக்கும் முதுகுல இருந்துச்சு சாமி, உங்கப்பா கையால. நீ பொறந்த பொறவுங்கூட. நான் குடும்பம் நடத்துலயா?”

எனக்குத் தெரியாது. அந்த வீட்டிலேயே வளர்ந்தேன், எனக்குத் தெரியவே தெரியாது.

சாயங்காலம் அப்பா வந்தார். என் கணவரைத் தோளில் தட்டி, “கண்ணாட்டம் பாத்துக்கறீங்க மாப்ள” என்றார். பிறகு கட்டிலோரம் உட்கார்ந்து ஓர் ஆரஞ்சுப் பழத்தை உரித்து, நார் எடுத்து, ஒரு சுளையை என் வாய்க்கு நேரே நீட்டினார். “சாப்புடு சாமி.”

நான் வாயைத் திறக்கவில்லை.