கிறீம் இல்லாத கார்பொனாரா

என் அம்மா அந்தோனியாரிடம் கேட்டு வாங்கியவற்றில் ஆகப் பெரியது மாமாவின் கார்த். அம்மாவின் தம்பியான அவர் வன்னியிலிருந்து தப்பி வந்து, எங்களோடு பாரிஸில், லாச்சப்பலில் இருந்தார். பிரான்ஸில் தங்குவதற்கான அந்த அட்டை தம்பிக்குக் கிடைத்தால் குடும்பத்தோடு இத்தாலிக்குப் போய்ப் பதுவா அந்தோனியார் கோயிலில் கும்பிடுவதாகவும், கிடைத்த நாளிலிருந்து கோயில் வாசல் மிதிக்கும்வரை பெரியவர்கள் ஒருவரும் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் தொடுவதில்லை என்றும் அம்மா நேர்ந்திருந்தார். கார்த் கிடைத்தது. அப்போது எனக்கு எட்டு வயது. சின்னப்பிள்ளை என்று நேர்த்தியிலிருந்து எனக்கு மட்டும் விலக்கு.

மாமா ஓர் இத்தாலியச் சாப்பாட்டுக் கடையில் குசினி வேலை செய்தார். அங்கே மருந்துக்கும் ஓர் இத்தாலியர் கிடையாது. முதலாளி பிரெஞ்சுக்காரர். மாமாவுக்குச் சமையல் பழக்கியவர் ஊர்காவற்றுறை ஆள், அவருக்குப் பழக்கியவர் மட்டக்களப்பார். மாமாவின் கார்பொனாராவுக்கு அங்கே நல்ல பெயர். அவித்த பாஸ்தாவில் பன்றியிறைச்சித் துண்டுகளோடு கிறீமைத் தாராளமாக ஊற்றி, முட்டை மஞ்சள் கருவைப் பாதி ஓட்டோடு மேலே வைத்துக் கொடுப்பார். திங்கட்கிழமை அவருக்கு லீவு. அன்றைக்கு வீட்டில் எனக்காக அதே சாப்பாடு.

பாரிஸுக்கு வெளியே ஸ்தேனில் சொந்தமாக ஒரு கடை போடவேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆனால், "இத்தாலிக்குப் போய் ஒருக்கா வாயிலை வைச்சுப் பாக்காமல் என்ன துணிவிலை கடை போடுறது, அத்தான்?" என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஓகஸ்ட்டில் ஒரு வாடகை வானில் புறப்பட்டோம். பாதி வான் நாங்கள், மீதி அரிசியும் சோயாவும் புட்டும் காஸ் அடுப்பும். பதுவா முதலில் வரும், ரோமாபுரி அதற்கும் அப்பால். போகிற வழியில் நேர்த்தியை முடித்துவிட்டால் மாமா ரோமாபுரியில் ஆசைதீரச் சாப்பிடலாம். அதை அவர் மெல்லச் சொல்லியும் பார்த்தார். அந்தோனியாருக்குச் செவ்வாய்க்கிழமைதான் போகவேண்டும் என்று அம்மா ஒரே பிடியாக நின்றார். அதனால் மற்ற ஊர்களெல்லாம் முன்னுக்கு வந்தன.

மிலானில் மாமா காணாமல் போனார். ஊர்க்காரர் சாப்பிடுகிற கடை ஒன்றைக் கண்டுபிடித்து, அதன் கண்ணாடிக்கு வெளியே நின்றார். பொலோஞ்ஞாவிலும் அப்படித்தான். இறைச்சி இல்லாத ஏதாவது சாப்பிடலாம்தானே என்று அப்பா கேட்டதற்கு, அந்தச் சட்டியில் முதல் என்ன பொரித்தார்களோ என்றார் அம்மா. "தம்பி, புட்டு பழுதாகப் போகுது. வா." இத்தாலியின் பேர்போன நகரங்களில் நாங்கள் கார் நிறுத்துமிடங்களில் புட்டுச் சாப்பிட்டோம்.

ரோமாபுரியில், பிள்ளைக்கு ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுக்கப் போவதாகச் சொல்லி மாமா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். படம் போட்ட மெனு வைத்திருந்த கடைகளையெல்லாம் தாண்டி, கட்டட வேலைக்காரர்கள் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு சின்னக் கடைக்குள் நுழைந்தார். ஒரு கார்பொனாரா சொன்னார். பரிமாறியவர் இரண்டு முள்ளுக்கரண்டி வைத்தார்.

மாமா தட்டை முகத்துக்கு அருகே கொண்டுபோய் மணந்தார். ஓர் இழையைக் கரண்டியால் தூக்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கரண்டியை வைத்துவிட்டுத் தட்டை என் பக்கம் தள்ளினார்.

"சாப்பிடு, பிள்ளை. எப்பிடி இருக்கு?"

"இதிலை கிறீம் இல்லை மாமா. உங்கடதுதான் நல்லம்."

"உப்புத் தூக்கலோ? முட்டை மணக்குதோ?"

"உங்கடதுதான் நல்லம்," என்றேன் மறுபடியும். உண்மையாகவே அப்படித்தான் எனக்கு இருந்தது. அவர் சிரித்து என் வாயைத் துடைத்துவிட்டார். அம்மாவுக்குச் சொல்லமாட்டேன், நீங்களும் சாப்பிடுங்கள் என்றேன்.

"கொம்மாவுக்குப் பயந்தில்லை. தந்தவர் பாத்துக்கொண்டெல்லோ இருக்கிறார்." கார்த் இருந்த சட்டைப்பையை ஒருமுறை தொட்டுக்கொண்டார். எவ்வளவோ பறிகொடுத்துவிட்டு வந்த மனிதர். கையில் கிடைத்த ஒன்றை வைத்து விளையாட அவருக்குத் துணிவில்லை.

செவ்வாய்க்கிழமை பதுவாவில் கும்பிட்டு வெளியே வந்ததும், அம்மா பத்திரமாக வைத்திருந்த ரின்னில் அடைத்த மீனை உடைத்து, வெங்காயமும் பச்சைமிளகாயும் போட்டு தேசிக்காய் பிழிந்தார். நேர்த்தி முடிந்த முதல் வாயை மாமாவுக்குத்தான் கொடுத்தார். மாமா நல்ல பிள்ளையாக வாங்கிச் சாப்பிட்டார். அடுத்த நாள் வானைத் திருப்பிக் கொடுக்கவேண்டியிருந்ததால் நேரே பாரிஸுக்கு வந்துவிட்டோம்.

பிறகு ஒரு திங்கட்கிழமை, மாமா என் முன்னால் வைத்த தட்டு மஞ்சளாக இருந்தது. மேலே மிளகு தூவியிருந்தது. இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, கிறீம் எங்கே என்று கேட்டேன். அவர் தட்டை எடுத்துக்கொண்டுபோய் கிறீம் ஊற்றிக் கொண்டுவந்தார். நான் வழித்துச் சாப்பிட்டேன். அதற்குப் பிறகு ஸ்தேன் கடையைப் பற்றிய பேச்சு எங்கள் வீட்டில் எழவில்லை. சில காலத்தில் மாமா குசினி வேலையை விட்டுவிட்டுக் கூசேன்வில்லில் குடியேறினார். விமான நிலையத்தில், மூடி ஒட்டிய சாப்பாட்டுத் தட்டுகளை விமானங்களில் ஏற்றுகிற வேலை.

போன வருடம் அலுவலக வேலையாக ரோமாபுரிக்குப் போயிருந்தேன். ஒரு சின்னக் கடையில் கார்பொனாரா சாப்பிட்டேன். வாயில் வைத்ததும் எனக்கு நினைவு வந்தது முதல் தடவை சாப்பிட்ட ரோமாபுரிக் கடை அல்ல, எங்கள் வீட்டில் மஞ்சள் தட்டு வந்த அந்தத் திங்கட்கிழமை. அதே சாப்பாடு. நாக்கில் ஒரு துளி படாமலே, கண்ணாலும் மூக்காலும் பிடித்து, அச்சொட்டாகச் செய்திருந்தார் மனிதர். அங்கிருந்தே அவருக்கு ஃபோன் எடுத்தேன்.

"மாமா, அண்டைக்கு நீங்கள் கிறீம் இல்லாமல் செய்தது சரிதான். அப்பிடியே இருக்கு."

"ஓமோ," என்றார். பிறகு, "சாப்பாடு ஆறப்போகுது. சாப்பிடு, பிள்ளை," என்று வைத்துவிட்டார்.

எது நல்லம் என்று மாமா என்னிடம் கேட்கவேயில்லை. எப்படி இருக்கிறது என்று மட்டும்தான் கேட்டார். எட்டு வயதில் எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன.