கம்பியில் கட்டிய வெள்ளைத் துணி

சரளைக்கல் பாதையில் சைக்கிள் ஓட்டுவது சுகம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது அடி வாங்குவது. இராஜபாளையத்தில் மலையடிவாரத் தோப்புகளுக்குள் நுழைந்து, ஆற்றுப்படுகையைக் கடந்து, கண்மாய்க்கரை கண்மாய்க்கரையாக ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்வதற்குள் உள்ளங்கை மரத்துவிடும், இடுப்பு கழன்றுவிடும். ஒருமுறை கல்லில் ஏறி இறங்கியதில் நாக்கைக் கடித்துக்கொண்டு, ரத்தத்தைத் துப்பிக்கொண்டே மீதித் தூரத்தை ஓட்டினேன். எனக்கு அது பிடித்திருந்தது. மூக்குக்கு மேல் கோபம் உள்ளவன் நான். வாரம் முழுக்க பேண்டேஜ் கம்பெனியில் தறிச் சத்தத்துக்கு நடுவே ஆட்களோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை எதையாவது மிதிக்க வேண்டும். மனிதர்களை மிதிக்காமல் பெடலை மிதித்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முன்னால் போகிறவன் எப்போதும் என் மச்சினன், மனைவியின் தம்பி. தனியார் பஸ்ஸில் கண்டக்டர். பஸ் ஸ்டாண்டில் இந்த மூலையில் நின்று அவன் "தளவாய்புரம், சேத்தூர்" என்று கூப்பிட்டால் அந்த மூலையில் டீ குடிக்கிறவர் திரும்பிப் பார்ப்பார். "மைக்க முழுங்கிட்டுப் பொறந்தவன்" என்று என் மனைவி கேலி செய்வாள். விசிலைக் கொடுத்தால் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான், ஊத மாட்டான். பாதையில் பள்ளம் வந்தாலும் கல் வந்தாலும் அவன் குரல்தான் எங்களுக்கு பிரேக்.

தோப்புகளுக்குள் பாதை நாலாகப் பிரியும். செல்போன் மேப்பை நம்பினால் யாராவது வீட்டு மாட்டுத் தொழுவத்தில்தான் போய் நிற்க வேண்டும். அதனால் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சனிக்கிழமை சாயங்காலமே நான் போய், திருப்பத்துக்குத் திருப்பம் மரக்கிளையில் வெள்ளைத் துணி கட்டிவிட்டு வருவேன். எங்கள் கம்பெனியில் விழும் பேண்டேஜ் கழிவுதான். எங்கள் ஊரில் அந்தத் துணி இல்லாத வீடு கிடையாது. வண்டி துடைக்க அது, பால் வடிகட்ட அது, தக்காளிச் செடியை நிமிர்த்திக் கட்ட அது. மறுநாள் கடைசியாக வருகிறவன் கட்டியதையெல்லாம் அவிழ்த்துவிட வேண்டும். கடைசியாக வருகிறவன் நான். காட்டோரத்தில் குப்பை போடுகிறவனைக் கண்டால் எனக்குக் கை பரபரக்கும். அதனால் வெள்ளையாகத் தொங்கியதையெல்லாம் அவிழ்த்து ஹேண்டில்பார் பைக்குள் திணித்துக்கொண்டு வருவேன்.

மாங்காய்க் காலம் அது. மச்சினனுக்கு எட்டு மணிக்கு டூட்டி இருந்ததால் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பிவிட்டோம். நான், அவன், மில்லில் பிட்டராக இருக்கும் நண்பர் ஒருவர், மூன்றே பேர். கிழக்கே வெளுக்கத் தொடங்கியிருந்தது. ஆற்றைத் தாண்டியதும் ஒரு மாந்தோப்பு வழியாக இறக்கம். அங்கே அவன் பெடலை விட்டுவிட்டு, ஹேண்டில்பாரை மட்டும் பிடித்துக்கொண்டு, "வாங்க அத்தான், வாங்க" என்று கத்திக்கொண்டே பறந்தான்.

அந்தக் கத்தல் பாதியில் அறுந்தது.

சைக்கிள் ஆளில்லாமல் கொஞ்ச தூரம் ஓடி வேலியில் விழுந்தது. அவன் மல்லாந்து கிடந்தான். பாதைக்குக் குறுக்கே இரண்டு மரங்களுக்கு நடுவில் ஒரு கம்பி இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது. பைக்கில் வந்து மாங்காய் பறித்துக்கொண்டு ஓடுகிற திருடர்களைத் தடுக்க அந்தப் பக்கத் தோப்புகளில் ராத்திரிக்குக் கம்பி கட்டுவார்கள், விடிந்ததும் ஒரு முனையைக் கழற்றி மரத்தில் சுருட்டி வைத்துவிடுவார்கள். நாங்கள் போகும் நேரத்துக்கு அது எப்போதும் சுருட்டியே இருக்கும். அன்றைக்கு நாங்கள்தான் முந்திவிட்டோம்.

கழுத்தில் ரத்தம் அதிகமில்லை. ஒரு கோடு, அவ்வளவுதான். ஆனால் வாய் திறந்து திறந்து மூடியது, சத்தமே வரவில்லை. உள்ளே காற்று கீச்கீச்சென்று அடித்தது. அவன் உதடு "அத்தான்" என்பது எனக்குத் தெரிந்தது.

அப்போது தோப்புக் காவல்காரர் கம்பும் டார்ச்சுமாக ஓடி வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், ஒல்லி உடம்பு. "அய்யோ, என்ன சாமி ஆச்சு" என்றார். நான் அவர் கையிலிருந்த கம்பைப் பிடுங்கி அவர் முட்டியிலேயே அடித்தேன். விழுந்தவரை இழுத்து மரத்தோடு வைத்து அறைந்தேன்.

"மனுசன் வர்ற பாதையில கம்பியக் கட்டிட்டு ஒரு அடையாளம் வைக்க மாட்டியால?"

"துணி கட்டிருந்தேன் சாமி. வெள்ளத் துணி, ரெண்டு கட்டிருந்தேன்."

"எங்கலே இருக்கு துணி? காட்டுலே."

அவர் டார்ச்சைக் கம்பி மேல் அடித்தார். மொட்டைக் கம்பி. அவரே திகைத்துப் போனார். "கட்டிருந்தேன் சாமி, சத்தியமா" என்று மறுபடியும் சொன்னார். பொய் சொல்கிற வாய் என்று நினைத்தேன். முஷ்டியை மடக்கி அந்த வாயிலேயே குத்தினேன். என் விரல் முட்டி கிழிந்தது. அவர் கையில் துப்பிப் பார்த்தார், இரண்டு பல் இருந்தது. அதற்குப் பிறகும் அடித்தேன். நண்பர் பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்து, "இவனக் கொன்னுட்டு அவனையும் சாகவிடப் போறியா" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு மச்சினன் ஞாபகமே வந்தது. அவன் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் ஆள் அடித்துக்கொண்டிருந்தேன்.

தேங்காய் ஏற்ற வந்த குட்டியானை வேனில் அவனைப் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். குரல்வளை நசுங்கிவிட்டது என்றார்கள். கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். "மூச்சு தப்பிச்சிருச்சு. குரல் எம்புட்டு வரும்னு இப்ப சொல்ல முடியாது" என்றார் டாக்டர். என் மனைவி என் கிழிந்த கையைப் பார்த்தாள். "ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு சொல்லுவாக. ஒங்களுக்கு அதுகூட இல்ல" என்றாள். காவல்காரரை அன்றைக்கே வேலையை விட்டுத் துரத்திவிட்டதாகச் செய்தி வந்தது. நல்லா வேணும் என்றேன். வாய்விட்டே சொன்னேன்.

நாலாம் நாள் சைக்கிளைக் கழுவ எடுத்தபோது ஹேண்டில்பார் பையைக் கொட்டினேன். அவன் விழுந்ததற்கு முந்தின வாரம் ஞாயிற்றுக்கிழமை நான் அவிழ்த்துப் போட்ட துணிகள் அப்படியே கிடந்தன. நான் கட்டுவது வெறும் துணி, ஒற்றை முடிச்சு. அதற்குள் இரண்டு துணிகள் தென்னங்கயிற்றால் இறுக்கிக் கட்டி, கயிற்றோடு வந்திருந்தன. கயிற்றில் கம்பியின் துரு சிவப்பாக ஒட்டியிருந்தது. பகலில் மரத்தில் சுருட்டி வைத்திருந்த கம்பியிலிருந்து நான்தான் உருவியிருக்கிறேன். வெள்ளையாகத் தெரிந்தது, அவிழ்த்தேன். அந்த ஆள் வாரம் முழுக்கப் பொழுது மங்கிய பிறகு, இருட்டில் கவனிக்காமல், துணி இருக்கிறது என்ற நினைப்பில் கம்பியை நீட்டிக் கட்டியிருக்கிறார்.

பாதையில் கம்பி கட்டியது தப்புதான், யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் நான் அடித்தது கம்பிக்காக இல்லை. துணிக்காக.

ஒரு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. பயந்தேன், வேறு காரணமில்லை. மச்சினனுக்குக் குழாயை எடுத்தார்கள். சொரசொரவென்று, உப்புத்தாள் தேய்க்கிற மாதிரி ஒரு குரல் வந்தது, அதுவும் காதை வாய்ப் பக்கம் கொண்டுபோனால்தான் கேட்கும். பஸ் கம்பெனியில் அவனை டிப்போவில் உட்கார்ந்து எழுதும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். ஒருநாள் அவன் அந்தக் காவல்காரரைத் திட்டினான். அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. துணியை எடுத்து அவன் மடியில் போட்டுவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பான் என்று நினைத்தேன். அவன் கயிற்றை விரலால் நிமிண்டிப் பார்த்தான். பிறகு என் சட்டைக் காலரைப் பிடித்து என் காதைத் தன் வாயருகே இழுத்தான்.

"அந்த ஆளுட்ட சொல்லிட்டீகளா?"

இல்லை என்றேன். காலரை விட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

காவல்காரர் வீடு சோழபுரம் பக்கம். வாசலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். வாயின் ஒரு பக்கம் உள்ளே ஒடுங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார், ஓடுவதற்கு. நான் துணியை நீட்டினேன். வாங்கிப் பார்த்தார்.

"என் கயிறுதான்" என்றார்.

"நான்தான் அவுத்தேன். தெரியாம அவுத்துட்டேன்."

"துணி கட்டிருந்தேன்னுதான அன்னைக்கும் சொன்னேன். வாயிலயே குத்துனீக."

"என்னய அடிங்க. எம்புட்டு வேணும்னாலும் அடிங்க."

"ஒங்கள அடிச்சா எனக்குப் பல்லு மொளைக்குமா?"

அவர் அடிக்கவில்லை. அவர் மனைவி உள்ளேயிருந்து விளக்குமாற்றோடு வந்து என் வாயிலேயே அடித்தாள். இரண்டாவது அடியில் உதடு பல்லில் கிழிந்தது. மூன்றாவது, நாலாவது. தெரு கூடிவிட்டது. நான் முகத்தை மறைக்கக் கையைத் தூக்கவில்லை. அவளுக்கு மூச்சு வாங்கியது, அழுதுகொண்டே அடித்தாள்.

"விடுட்டி, போதும்" என்று அவர் அவள் கையைப் பிடித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அந்தத் தம்பி இப்பப் பேசுதாரா?"

"பேசுதான்" என்றேன். ரத்தம் தாடையில் வழிந்தது.

"எம்புட்டு?"

"பக்கத்துல இருக்கவுகளுக்குக் கேக்கும்."

அவர் தலையை ஆட்டினார். இரண்டு துணிகளையும் கயிற்றோடு மடித்து வேட்டி மடியில் சொருகிக்கொண்டு, மனைவியை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்.